கூரியரில் வரும் பத்திரம்

என் செல்ல மகளுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

சித்தப்பாவின் ஐஸ் ஃபேக்டரிக் கடனுக்கு அப்பா ஜாமீன் நின்ற வழக்கில் நமக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது அல்லவா, போன வாரம் கோர்ட் அமீனா வந்து வாசற்கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் வீட்டை ஏலத்தில் எடுக்க நினைக்கும் இரண்டு பேர் அளவு டேப்போடு வந்து ஒவ்வொரு அறையாக அளந்தார்கள், உன் அறைச் சுவரை ஒருவன் தட்டிப் பார்த்து, "இத இடிச்சா நல்ல ஹாலா வரும்" என்றான், நான் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவன் கண்ணுக்கு நான் ஆளாகவே படவில்லை. அதிலிருந்து வாசல் மணி அடித்தாலே அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார், பஸ் எஞ்சினைப் பிரித்துப்போட்டு அசராத மனுஷன்.

அப்போதுதான் சித்தப்பா எங்கிருந்தோ பழைய பத்திரத்தாள் வாங்கி வந்தார். நீ எப்போதோ பணம் கொடுத்து இந்த வீட்டை வாங்கப் பேசி முடித்த மாதிரி பழைய தேதியில் எழுதினால், "எவன் வந்து தொடுவான் அண்ணே" என்கிறார். நான் வக்கீலம்மாவிடம் ஓடினேன். "வீடும் போகும், பொண்ணும் கம்பி எண்ணணும். அப்பீல் போட்டிருக்கோம், திங்கக்கிழமை தடை உத்தரவு கேக்கறேன், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். அப்பாவிடம் சொன்னதற்கு, "என் தம்பி எனக்குக் கெடுதல் நினைப்பானா" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை இருவரும் வெளியே போய்விட்டு வந்தார்கள். அப்பா கட்டைவிரல் மையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன், "கூரியர்ல போட்டாச்சு, நீ வாய மூடு" என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வீட்டிலிருக்கும் ஒரே போனை அவர் கீழே வைப்பதே இல்லை, அதனால் எதிர்வீட்டுத் தையற்காரம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அந்தம்மா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

தீர்க்காயுசாக இரு, வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைத் திட்டாதே. அந்த உறை வந்தால் கையெழுத்துப் போடாதே. அப்பா போனில் அழுவார். பக்கத்தில் நின்று நானும், "போடும்மா" என்று சொல்வேன், அவர் முகத்துக்கு எதிரே எனக்கு வேறு சொல்ல வராது. அதைக் கேட்காதே, இதைக் கேள்.

உன் அம்மா