புது சென்சார் போட்ட வெள்ளிக்கிழமை

ஐப்பசி, வெள்ளி இரவு

காரின் முன்பக்க சென்சாரை மாற்றி, மதியம் எடுத்து வந்தேன். வாரம் முழுக்க எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாவலூர் சர்வீஸ் சென்டரில், "இதெல்லாம் ரிப்பேர் பண்றது இல்ல சார், முழுசா மாத்திட வேண்டியதுதான்" என்றார்கள். கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். தலையாட்டினேன். மாமல்லபுரத்தில் டிபன் கடை பிடிக்க என் மனைவி செல்வி வைத்திருந்த சீட்டுப் பணம் அதற்கே போயிற்று. அதுதான் உறுத்துகிறது.

பழைய கார் என்றால் பானெட்டைத் திறந்து நானே பார்த்திருப்பேன். இதில் எதைத் தொடவும் பயம்.

சாயங்காலம் செல்வி கோயில் வாசலில் எலுமிச்சை மிளகாய்ச் சரம் வாங்கி வந்து, காரின் முன்னால் கட்டினாள்.

"போன வாரம் கட்னத சர்வீஸ்ல அவுத்துப் போட்டுட்டானுங்க. எவன் கண்ணு பட்டு இம்மாம் செலவோ. இனிமே ஒண்ணும் ஆவாது."

அவள் உள்ளே போனதும் வண்டியைக் கிளப்பினேன். அதே விளக்கு எரிந்தது.

இறங்கிப் பார்த்தேன். சரம் சரியாக சென்சாரை மறைத்துத் தொங்கியது. அவிழ்த்தேன், விளக்கு அணைந்தது. மறுபடி கட்டினேன், எரிந்தது. போன வாரமும் அவள் கட்டிய பிறகுதான் முதலில் எரிந்தது.

"இன்னாய்யா பண்ணிகினு கீற அங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சும்மா பாத்துகினு கீறேன்" என்றேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை இப்படிச் சும்மா பார்த்திருக்கலாம்.