நெஞ்சில் போட்டுக்கொள்ள ஓர் ஆள்

கச்சிபௌலி,
வியாழக்கிழமை.

அன்புள்ள கோபிக்கு,

நம் மகன் உயிரோடு இருக்கிறான். நீங்கள் முதலில் தேடுவது இந்த வரியைத்தான் என்று தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இவன் பிறந்ததும் நீங்கள் திண்டுக்கல் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. போனை எடுப்பதில்லை. உங்கள் அக்காவிடம் கேட்டால், "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான் காஞ்சனா" என்கிறார். காகிதத்தையாவது பிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். எனக்கு அம்மை போட்டிருக்கிறது. பொருக்கு உதிரும்வரை பேகம்பேட் ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எதிர் வீட்டுக் கல்பகம் மாமிதான் கஞ்சி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று, வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் "நக்கோ காஞ்சனா, அழ நக்கோ" என்கிறார்.

எடை தொள்ளாயிரத்து அறுபது கிராம். மூச்சு பரவாயில்லை. கவலை வேறு. அவனை வைத்திருக்கும் வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பதற்றத்தில் ஊறும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து பார்க்கிறார்கள். எச்சிலைப் பஞ்சில் ஒற்றியெடுத்தால் போதும் என்றதால் நானும் சம்மதித்தேன். குதிகாலில் ஊசி குத்தினால் எல்லாக் குழந்தைக்கும் அது ஏறுமாம், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுமாம். இவனுக்கு இறங்கவே இல்லை. நாலு நாளாக அப்படியே. அழக்கூடத் தெம்பில்லாமல் முகத்தை மட்டும் சுருக்குகிறானாம். நர்ஸ் சாவித்ரி சொன்னாள். எடையும் ஏறவில்லை.

மருந்து இல்லையா என்று டாக்டரிடம் போனில் கெஞ்சினேன். "அம்மாவோ அப்பாவோ வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டு உட்காரணும்மா. மத்த குழந்தைங்களுக்கு அதுலதான் அடங்குது" என்றார். மாமி நேரில் போய், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். பெற்றவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்களாம்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் நம் பெண்ணும் இப்படித்தான் ஏழாம் மாதமே பிறந்தாள். உங்கள் கையில் இருக்கும்போதே அடங்கிப் போனாள். அன்றைக்கு நான் உங்களைப் பார்த்து "ஏன் தூக்கினீங்க?" என்று கத்தினேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. அவள் உங்கள் கையில் போனாள் கோபி. உங்கள் கையால் போகவில்லை.

உங்களுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். வீட்டுக்குக்கூட வராதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும், சாவித்ரி அவனை எடுத்து உங்கள் மேல் வைப்பாள். கை நடுங்கினால் நடுங்கட்டும். என்னோடு பேசாவிட்டாலும் சரி.

அவனைத் தூக்குங்கள். நான்தான் சொல்கிறேன், தூக்குங்கள்.

உங்கள் வரவை நம்பியிருக்கும்,
காஞ்சனா