கேஸ்தான் என்று சொன்னவருக்கு

தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்துக் கடையில் ஒருத்தர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "கேஸாணு, ஒரு இஞ்சி சோடா எடு" என்கிறார். வாயுப் பிடிப்பாம். இஞ்சி வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு உங்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவரிடம் சொன்னேன். முறைத்தார். செத்துப்போன மனுஷர் என்றுகூடப் பார்க்காமல் உங்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

விவாகரத்து ஆன கையோடுதான் கல்லாற்றுக்கு மேலே, போன் சிக்னல்கூடக் கிடைக்காத அந்த லாட்ஜுக்கு வந்தேன். அங்கே மேனேஜர், சமையல்காரர், அட்டை கடித்தால் உப்போடு ஓடிவருகிறவர், எல்லாமே நீங்கள்தான். என் முன்னாள் கணவரைப் பற்றி, "அவரும் பாவம்தான்" என்று ஆரம்பித்தேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "என்னத்தப் பாவம்? நல்லா ஏசுங்க. இங்க ஆத்தையும் அட்டையையும் விட்டா கேக்க ஆளில்ல" என்றீர்கள். ஏசினேன், அழுதேன். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு சனிக்கிழமை தவறாமல் லாட்ஜுக்கு வர வித்துரா பஸ் பிடித்தேன். கட்டிக்கிடுவோமா என்று கேட்டதும் நான்தான். "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்று இழுத்தீர்கள். அம்மா மாதிரி வளர்த்தவராம், சரி. ஐம்பது தாண்டின ஆம்பிளைக்கு அக்காவிடம் வாய் திறக்க ஓணம் போகணும், பொங்கல் வரணும், அப்புறம் மழை விடணும்!

அந்த மழையில்தான் நெஞ்சு வலித்தது. இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் குடித்தீர்கள். டாக்டரிடம் போவோம் என்று கெஞ்சினேன். "கேஸ்தான், சும்மா இரு பிள்ளே, கெஸ்ட் வாராங்க." அடுத்த வாரம் ஜீப்பில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. "பேஷண்டின்டெ ஆரா?" என்று, நான் உங்களுக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. வலியை மறைத்தீர்களே, என்னையும் எதற்கு ஐயா மறைத்தீர்கள்?

காரியத்தன்று கரமனையில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். வந்தவர்களிடம் அக்கா என்னைக் காட்டி, "தம்பி லாட்ஜுல வந்து தங்குவாங்க" என்றார். பழைய ஆளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"தங்க வந்தவ இல்லக்கா. உங்க தம்பியக் கட்டிக்கிட இருந்தவ. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவிப்பய! நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்று ஓவென்று அழ ஆரம்பித்தார்.

கேட்டதா உங்களுக்கு? வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாராம். நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த நர்ஸிடம் நான் பெண்டாட்டி என்று சொல்லியிருப்பேன். இந்தக் கோபத்தை ஆற்றிக்கொள் என்கிறார்கள். மாட்டேன். உங்களிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.