நேயர்களே, அவகிட்ட சொல்லுங்க

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். நேற்றுக் கொடியில் போட்ட புடவை இன்னும் காயவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம். இனி தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு நிம்மதி ஏது? எந்தக் காலத்து உறவெல்லாமோ தோளில் துண்டோடு வந்து இறங்கும்.

நம் ஊர் வானொலியில் புது அறிவிப்பாளர் வேண்டுமென்று போட்டி வைக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மருமகள் வித்யாலட்சுமியிடம் சொன்னேன். "அத்தே, நீங்களா?" என்றாள். அந்த "நீங்களா" எனக்கு மறக்காது.

ஏன் இந்த ஆசை? என் மகன் கௌரிசங்கர் கல்யாணத்தில், நலங்கு வைக்கும்போது நான்தான் பாடினேன். பாதியில் என் மதினி – என் வீட்டுக்காரர் கூடப் பிறந்த அக்கா, குழல்வாய்மொழி – "ஏட்டி லோகு, நிறுத்து. தகரத்தத் தரையில இழுத்த மாதிரி இருக்கு" என்றாள். பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் கட்டியிருந்தது அரக்கு பார்டர் போட்ட மாம்பழக் கலர் பட்டு. வாயில் வெற்றிலை. அன்றைக்கு நிறுத்தினதுதான். பாட்டையும், அவளோடு பேச்சையும்.

அச்சன்புதூரில் அவள் வீட்டில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். நான் ஜெயித்தால் தினமும் என் குரல் அவள் அடுப்படியில் கேட்கும். கேட்கட்டும்.

ஜூன் 10

பெயர் கொடுத்துவிட்டேன். படிப்பு என்ன என்றார்கள். அஞ்சாம் வகுப்பு. எட்டு என்று சொல்லியிருக்கலாமோ? வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

குரல் தேர்வு. கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். பேசினால் என் குரல் என் காதிலேயே விழுகிறது! தகரமா? நானும் நன்றாகத்தான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பு. தகரமில்லை.

நிலையத்தை நடத்துகிற மங்களேஸ்வரி, "உங்க குரல்ல ஒரு கண்டிப்பு இருக்கு ஆச்சி" என்றாள். அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லிவிட்டாள்.

ஆலங்குளத்திலிருந்து வந்த முத்துசெல்வி என்ற பெண் மூச்சு விடாமல் பேசுகிறாள். இவள்தான் எனக்கு எதிரி என்று முடிவு செய்தேன். திரும்பும்போது மழையில் என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறாள். சே.

ஜூன் 22

வாசிப்புச் சுற்று. இந்த நோட்டில் கிறுக்குவது வேறு; அச்சடித்ததை எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மைக் முன்னால் அது ஆகாது. அதனால் தாளைக் கொடுத்ததும் ஓரமாக உட்கார்ந்து மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். முறை வந்ததும் தாளைப் பார்க்கவே இல்லை. கடகடவென்று சொன்னேன்.

"அணையில் நீர்மட்டம் உயர்வு. இங்கே சிறிது இசை. அருவியில் குளிக்கத் தடை."

அந்த "இங்கே சிறிது இசை" வாசிக்கிறதுக்கு இல்லையாம், பாட்டுப் போடுகிறவருக்கு எழுதின குறிப்பாம்! அதைத்தான் நல்ல அழுத்தமாகச் சொல்லியிருக்கிறேன். வெளியே பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன்தான் முதலில் சிரித்தான். மூஞ்சி ஞாபகம் இருக்கிறது.

போச்சு என்றுதான் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன். கடைசிச் சுற்றுக்கு வரணுமாம்.

ஜூன் 25

கடைசிச் சுற்று நேரலை. நேயர்கள் போனில் கூப்பிடுவார்கள். "யாரு கூப்பிட்டாலும் சிரிச்ச முகமாப் பேசணும் அத்தே" என்கிறாள் வித்யா.

யார் கூப்பிட்டாலுமா?

மதினியும் நானும் ஆள் வைத்துத்தான் பேசிக்கொள்வோம். நான் எதிரில் நிற்கும்போதே என் மகனிடம், "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பாள். மாமியாரின் பதினாறாம் நாளன்று அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆள் இல்லை. மதினி அம்மியைப் பார்த்து, "உப்பு எங்க இருக்குன்னு சொன்னாத் தேவல" என்றாள். நானும் அம்மியிடம்தான் சொன்னேன், "மேல் தட்டுல இருக்கு" என்று.

வானொலியில் அம்மிக்கு எங்கே போக?

ஜூன் 29, ஞாயிறு

எழுதியே ஆகணும்.

தலைப்பு: சீசனுக்கு உங்கள் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள்? முதலில் வடகரையிலிருந்து ஜாஹிரா பீவி. "வீடு பூரா விருந்தாளி ஆச்சி. படுக்க எடமில்லாமக் கட்டிலுக்கு அடியில கெடந்து பேசுதேன்" என்றாள். சிரித்துவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த போன்.

"அச்சன்புதூர்லேருந்து குழல்வாய்மொழி பேசுதேன்."

மதினியேதான்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்களேஸ்வரி பேசுங்க, பேசுங்க என்று கையை ஆட்டுகிறாள். பேசாட்டி போட்டி போச்சு. பேசினா – இத்தன வருசத்து வைராக்கியம் ஊர் கேக்கப் போச்சே! என்னத்தச் செய்ய? வாய் தன்னால் திறந்தது.

"நேயர்களே, அச்சன்புதூர்லேருந்து பேசுதவுக வீட்டுக்கு யாரு வந்திருக்கான்னு கொஞ்சம் கேளுங்க."

அந்தப் பக்கமிருந்து மதினி:

"யாரும் வரல்லன்னு அந்த மைக்குல இருக்கவகிட்ட சொல்லுங்க நேயர்களே. வர வேண்டியவ வந்தே வருசக்கணக்காச்சுன்னு சொல்லுங்க."

"கூப்பிட்டாத்தான வருவாகன்னு சொல்லுங்க."

"இந்தா, இப்ப போன் போட்டுக் கூப்பிடுதேன்லா? காது கேக்கலியான்னு கேளுங்க."

"தகரக் குரலு அந்த வீட்டுக்கு ஆகுமான்னு கேளுங்க!"

கேட்டேவிட்டேன். ஊரே கேட்க.

மதினி செருமினாள். "தகரம் தகரந்தான். அதுல மாத்தமில்லன்னு சொல்லுங்க. ஆனா அதக் கேக்காம வீடு வெறிச்சுன்னு கெடக்குன்னும் சொல்லுங்க."

"இங்கே சிறிது இசை" என்றேன். பாட்டைப் போட்டார்கள்.

கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் சிரிக்கிறார்கள். பச்சைச் சட்டைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை மட்டும் மன்னித்துவிட்டேன்.

ஜூன் 30

விடிந்ததே தெரியாமல் தூங்கியிருக்கிறேன்.

ஜூலை 3

முத்துசெல்வி ஜெயித்துவிட்டாள். அப்பாடா! தினமும் தாளை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுகிற பாடு எனக்கில்லை. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு ஃபிளாஸ்க். "வருத்தமா அத்தே?" என்றாள் வித்யா. இருக்கிறதா என்று தேடித்தான் பார்த்தேன். இல்லை. விழ வேண்டிய காதில் விழுந்தாச்சு.

ஜூலை 6, ஞாயிறு

அச்சன்புதூர் போய்வந்தேன். அந்த வீட்டுக் காப்பி எனக்கு எப்போதும் ஆகாது. அதனால் ஃபிளாஸ்கில் நானே போட்டுக் கொண்டுபோனேன்.

மதினி இளைத்துவிட்டாள். மாம்பழக் கலர் பட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்பேன்.

டம்ளரில் ஊற்றி வைத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"சீனி பத்தல்ல லோகு" என்றாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மியும் எங்கோ பின்கட்டில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்து, என்னிடமேதான் சொன்னாள்.