ஞாயிற்றுக்கிழமை டப்பா

மே 3, ஞாயிறு

குட்டி வந்துவிட்டாள். வெள்ளி முதல் ஞாயிறு வரை அப்பா வீடு, மீதி நாள் என் வீடு. விடுமுறை முடியும்வரை இப்படித்தான். பள்ளி திறக்கும்போது எந்த வீட்டில் இருப்பது என்பதை அவளே சொல்லட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். பதினைந்து வயதுப் பெண்ணிடம்!

கையில் நீல டப்பா. உள்ளே குளிர்ந்த நூடுல்ஸ், எள் அரைத்த சாஸ், நார் நாராக வெள்ளரிக்காய். மகாராணியின் கைவண்ணம். என் கணவராக இருந்தவரைக் கட்டிக்கொண்டது போதாதென்று இப்போது என் சாப்பாட்டு மேசைக்கும் வருகிறாள்.

"ஆறிப்போனதை யாருடி தின்பா?"

"இது அப்படித்தாம்மா சாப்பிடணும். இதை அவங்க—"

"அவங்க பேச்சு இந்த வீட்ல வேண்டாம்."

வாயை மூடிக்கொண்டாள். மூடட்டும்.

மே 5, செவ்வாய்

ஆய்வகத்தில் நாற்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். வேர்வையில் கையுறை வழுக்கியது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் மண்டை பிளந்தது.

"நான் ஏதாவது செய்யட்டுமாம்மா?" என்றாள் குட்டி. என் சமையலறையில் யாரும் கை வைக்க வேண்டாம், போய்ப் படி என்றேன். விடுமுறையில் எதைப் படிப்பது என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

மே 10, ஞாயிறு

இன்று அரிசித்தாள் சுருள், மெல்லிய அரிசிமாவுத் தாளில் சுருட்டியது. கேரட், புதினா, இறால் எல்லாம் கண்ணாடி மாதிரித் தாளுக்குள்ளிருந்து பளிச்சென்று தெரிகின்றன. ஒரு சுருள் மட்டும் பிரிந்து தொங்கியது. "சுருட்டக்கூடத் தெரியல உங்க மகாராணிக்கு" என்றேன். குட்டி அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு எழுந்து போனாள்.

விரலில் பிளாஸ்திரி. கேட்டால் கதவிடுக்கு என்கிறாள். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் இப்படி ஆகுமா?

மே 11, திங்கள்

சுருள் மூன்று மிச்சமிருந்தது. சும்மா ருசி பார்த்தேன். மூன்றும் தீர்ந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மே 17, ஞாயிறு

தேங்காய்ப்பாலில் செய்த சைனா கிராஸ், கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்தது. சதுரம் சதுரமாக வெட்டி, மேலே மாம்பழத் துண்டு. அலங்காரத்துக்குக் குறைச்சலில்லை.

"பிரிட்ஜ்ல வெச்ச சோப்பு மாதிரி இருக்கு."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லேம்மா."

அவளுக்கு இவள் வக்காலத்து! எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம் – டப்பாவை அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். குட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. டப்பாவை எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தாள்.

நான் செய்தது சரிதான். சரிதானே?

மே 22, வெள்ளி

டப்பாவுக்குள் ஒரு சீட்டு எழுதிப் போட்டுக் குட்டியின் பையில் வைத்தேன். "என் பெண்ணுக்குச் சோறு போட எனக்குத் தெரியும். இனி இந்த வீட்டுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்." இதை முதல் டப்பா வந்தபோதே செய்திருக்க வேண்டும். மனசு லேசாக இருக்கிறது.

மே 23, சனி

மகாராணி போன் செய்தாள். முதல் தடவை.

"அக்கா, உங்க சீட்டை அவதான் பிரிச்சா. காலையிலேருந்து ரூமை விட்டு வெளியே வரல."

டப்பாவை ஏன் அவள் திறந்தாள் என்று கேட்டேன்.

"அவதானே செய்றா? எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை விடிஞ்சா அடுப்படியிலதான் நிப்பா. வெயில்ல வந்தா எங்கம்மாவுக்குச் சோறு இறங்காது, அடுப்புக்கிட்ட நின்னா தலைவலி வரும், குளுகுளுன்னு ஏதாவது வேணும்னு சொல்வா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு எதுவும் தெரியாது. பிரிந்து தொங்கிய சுருளை அவள் ஏன் தின்றாள் என்று தெரியாது, விரல் ஏன் வெட்டுப்பட்டது என்று தெரியாது. சோப்புன்னேனே – அவ முகத்துக்கு நேராச் சொன்னேனே!

இத்தனைக்கும் நடுவே என்னை 'அக்கா' என்கிறாள். யாருக்கு யார் அக்கா?

மே 24, ஞாயிறு

டப்பா வரவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் இதுதான் வருகிறது, அதட்டல்.

"முதல் நாளே சொல்ல வந்தேன். நீ விடல. அப்புறம், நல்லா இருக்குன்னு நீ சொன்னதும் சொல்லலாம்னு இருந்தேன்."

மே 31, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. போனில் சொன்னாள்: "அப்பா வீட்லேருந்தே போறேம்மா. இங்க சமைக்க விடுறாங்க."

ஜூன் 7, ஞாயிறு

வெறுங்கையோடு வந்தாள். இனி எனக்கு ஞாயிறு மட்டும்தான்.

நேற்றே சைனா கிராஸ் வாங்கிக் காய்ச்சி வைத்திருந்தேன். பிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடியது.

"கொதிக்க விட்டியா?"

"சூடு பண்ணினேன்."

"கொதிக்கணும். தள்ளு."

என் அடுப்பு, என் கரண்டி. தள்ளி நின்றேன். கிளறி, தேங்காய்ப்பால் ஊற்றி, தட்டில் பரப்பினாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உறைவதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம்.

உட்கார்ந்து முழுத் தட்டையும் தின்றேன். பிறகு போன் செய்தேன்.

"நல்லா இருக்குடி."

பேருந்து இரைச்சலில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சோப்பு மாதிரி இல்லல்ல?" என்றாள்.

சிரித்துக்கொண்டு கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.