என் வகுப்பையும் சேர்த்து எடுத்தவருக்கு

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வருடம் வகுப்பே எடுக்காமல் ஆய்வேட்டை எழுதி முடிக்க விடுப்பு கேட்டிருந்தீர்களே, துறையில் வகுப்புகளைப் பிரித்துக் கொடுப்பவள் நான் என்பதால் அந்த விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. தர வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். "அவர் இல்லன்னா பசங்க தவிச்சுப் போயிடுவாங்க சார்" என்று துறைத்தலைவரிடமும் சொன்னேன். பொய் இல்லையே.

ஒரே பேராசிரியரிடம் நாம் ஆய்வுக்குச் சேர்ந்தபோது ஆளுக்கொரு வகுப்பைத் தலையில் கட்டினார்கள். எனக்கு எரிச்சல். நீங்கள்தான், "குடும்மா, நான் பாத்துக்கறேன். சொல்லிக் கொடுத்தாத்தான் நமக்கே புரியும்" என்றீர்கள்.

புரிந்தது, எனக்கு. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியையும் அதற்கு நீங்கள் கண்டுபிடித்த பதிலையும் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தீர்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதுதான். இந்த வேலையையே அதுதான் வாங்கித் தந்தது. நேர்காணல் அன்று நீங்கள் என் வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

"நீயாவது முடிச்சியே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு இனி ஒரே வீட்டில் என்னால் குடித்தனம் நடத்த முடியாது. என் துணிமணிகளை எடுத்துக்கொண்டேன். உங்கள் சட்டைக் கையில் ஒட்டும் சாக்பீஸ் தூள் லேசில் போகாது, ஊறவைத்துத் துவையுங்கள்.

திங்கட்கிழமை என் அலமாரியை எடுக்க ஆட்கள் வருவார்கள். நான் புது வீட்டில் இருக்க வேண்டும். அன்றைக்கு முதல் வகுப்பு என்னுடையது, நீங்களே எடுத்துவிடுங்கள். மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வராது.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் மனைவி