உங்கள் படையலில் குரக்கன் பிட்டு

இஞ்சாருங்கோ, என்ர ராசா,

உங்கள் திவசம் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சுவிசில், வில் நகரத்தில், மகன் சுதன் வீட்டில் முடிந்தது. உங்கள் அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு லுசேர்ணுக்கு ரயிலேறிவிட்டா. இப்போது சனம் முழுக்க என்னைப் பற்றித்தான் கதை. அவர்கள் கூட்டிக் குறைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்கட்டும். நான் அதிகம் படிக்காதவள்தான். ஆனால் எனக்கு மறதி கிடையாது. அது உங்களுக்குத் தெரியும்.

சுதனுக்கும் மருமகள் வாணிக்கும் இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்துவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, இப்போதே பார்த்து நடந்தால் தடுக்கலாமாம்.

இதே புத்திமதியை உங்களுக்கும் ஒரு டொக்டர் சொன்னார். அன்றைக்கு நீங்கள் நாவல் நிறச் சுவெட்டர் போட்டிருந்தீர்கள். இரண்டு பேருமாய்ச் சாப்பாட்டை மாற்றுங்கள், சேர்ந்து நடங்கள் என்று அவர் சொல்ல, நீங்கள் என்னைக் கைகாட்டினீர்கள். "மனுசி அவிக்கிறதைத்தானே நான் தின்னுறன்." இதைவிட வெட்கங்கெட்ட பேச்சு உண்டோ?

பிறகு நடந்ததென்ன? உங்களுக்கென்று தனிச் சட்டியில் குரக்கன் பிட்டு, கேழ்வரகு மாப் பிட்டு, அவித்தேன். எனக்கும் பிள்ளைக்கும் வெள்ளைமாப் பிட்டு. நீங்கள் உங்கள் சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு என்னுடையதை இழுத்தீர்கள். "உதைத் தின்னவோ நான் சுவிசுக்கு வந்தனான்? நீ தின்னப்பா."

நான் தின்றேன். உங்களுடைய பத்தியத்தை வருடக்கணக்காக நான் தின்றேன். எனக்கு இன்றைக்கும் சீனி இல்லை. நீங்கள் போய்விட்டீர்கள்.

நடந்த கதையையும் சொல்லட்டோ? ஒரேயொரு நாள் கூட்டிக்கொண்டு போனீர்கள். மனுசியோடு சேர்ந்து நடந்தால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று விறுவிறென்று முன்னுக்குப் போய், வளைவுக்கு அங்கால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் உங்களைத் தேடித் தேடிப் பனிக்குள் நடந்து வந்தேன். கதவைத் திறந்து, "எங்கையப்பா போனனீ?" என்று என்னைக் கேட்டீர்கள்.

உங்கள் மகனைப் பாருங்கள். முதலில் எனக்கும் இளக்காரம்தான். ஒரே நிறத்தில் இரண்டு சோடிச் சப்பாத்து வாங்கி, சாப்பாடு முடிந்ததும் புருசனும் பெண்சாதியும் குளத்தைச் சுற்றப் போகிறார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். காலுக்குத் தெரியாதோ? ஆனால் வீட்டில் ஒரே சட்டிதான். குரக்கனோ கீரையோ, எனக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எல்லாருக்கும் அதுதான். வெங்காயம் வெட்டுவது சுதன். நீங்கள் கத்தி பிடித்ததெல்லாம் பிறந்தநாள் கேக் வெட்ட மட்டும்தான்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒருவர் இனிப்பைத் தொட்டால் மற்றவரும் தொட வேண்டும். தனியே ஒருவர் கெட்டுப்போக முடியாது.

திவசத்தன்று உங்கள் அக்கா ஒரு பேசின் நிறைய லட்டும் பயற்றம் பணியாரமும் கொண்டு வந்தா. தம்பிக்கு விருப்பமானதாம். வாழையிலையில் குவித்துப் படைத்தா. தேவாரம் முடிந்த கையோடு ஒரு லட்டை எடுத்துச் சுதனிடம் நீட்டினா.

"வேண்டாம் மாமி. டொக்டர்..."

"அப்பாவுக்குப் படைச்சதை மகன் தட்டுறதோ? கொப்பர் படத்தில இருந்து பாக்கிறார்."

அவன் உங்கள் படத்தைப் பார்த்தான். செத்த பிறகும் உங்களுக்குப் பயம். வாங்கிவிட்டான். வாணி இலையிலிருந்து தானும் ஒரு லட்டை எடுத்தாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நானும் சாப்பிடுறன்."

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் அக்கா சிரித்தா. "உவன் மனுசிக்குப் பயந்தவன்! கொப்பர் எப்பிடி இருந்தவர்? சிங்கம்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஓம் மச்சாள். அந்தச் சிங்கத்தின்ர காலைச் சீனியால வெட்டி எடுக்கேக்கை ஆஸ்பத்திரியில நிண்டது நான். நீங்கள் அண்டைக்கும் லட்டோடதான் வந்தனீங்கள்."

இரண்டு பேரின் கையிலிருந்தும் லட்டை வாங்கினேன். இலையில் இருந்ததையும் வழித்துப் பேசினுக்குள் போட்டேன். குசினியில் சுதனுக்கும் வாணிக்குமென்று அவித்து வைத்திருந்த குரக்கன் பிட்டையும் வல்லாரைச் சம்பலையும் கொண்டுவந்து உங்கள் இலையில் வைத்தேன்.

"என்ன மச்சாள் செய்யிறியள்? தம்பிக்கு உது பிடிக்காதெல்லோ!"

"பிடிக்காதபடியால்தான் படத்தில இருக்கிறார்."

சுதன் அந்த இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். பிறகு வாணி. உங்கள் அக்கா பேசினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினா. யாரும் மறிக்கவில்லை.

உங்களுக்கு என்னில் கோபமோ? இருக்கட்டும், எனக்கு உங்களில் இருப்பதைவிட அது பெரிதில்லை.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வருகிற திவசத்துக்கும், அதற்குப் பிறகு நான் உயிரோடு இருக்கிற எல்லாத் திவசத்துக்கும், உங்கள் மகனும் மருமகளும் என்ன தின்கிறார்களோ அதைத்தான் உங்களுக்கும் படைப்பேன். உங்கள் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளைகளின் வாயில் ஒருவரும் ஒரு துண்டு இனிப்பும் வைக்க விடமாட்டேன். பசித்தால் வாருங்கள்.

சுதனைப் பெற்றவள்,
அவன் பிள்ளைகளின் அப்பம்மா